டைல், ஸ்டைல், ஃபான்ட், ஐகான் நான்கையும் ஒரே ஃபைலில் கட்டிக் கொடுக்க வழி உண்டா?

பாம்பாற்றங்கரை

எல்லாருக்கும் வணக்கம். கேரளத்தில் இடுக்கி மாவட்டம், மறையூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ் எல்லாம் உண்டு. ஜீப்புகள் நிற்பது கடை வாசலில்தான். டிரைவர் அண்ணன்மார் போனில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் என் மேஜைக்குத்தான் வரும்.

இவர்களுக்காக ஒரு ஆஃப்லைன் மேப் செய்திருக்கிறேன். சின்னாறு செக்போஸ்ட்டில் தொடங்கி மறையூர், கோவில்கடவு, காந்தல்லூர், கீழாந்தூர், அதற்கு மேலே உள்ள குடிகள் (பழங்குடி ஊர்கள்) வரைக்கும். டிரைவருக்கு வழி தெரியாதா என்று கேட்பீர்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும். சீசனுக்கு உடுமலைப் பக்கமிருந்தும் மூணாறிலிருந்தும் வந்து ஓட்டுகிற பையன்களுக்குத் தெரியாது. ராத்திரி ஒரு குடியிலிருந்து பிரசவத்துக்கு ஆள் கூப்பிட்டால், எந்த முக்கில் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டுச் சொல்ல அந்த இடத்தில் டவரும் இருக்காது.

அதனால் மேப்பில் நான் போட்டிருப்பது கம்பெனி மேப்பில் இருக்கிற சமாச்சாரம் இல்லை. ஜீப்பைத் திருப்ப இடம் எங்கே, மழையில் எந்த ஓடை ஏறும், எந்த வளைவில் நின்றால் ரெண்டு கோடு சிக்னல் வரும், கரும்பாலைக் கொட்டகை எது, ரேஷன் கடை எது. ஒவ்வொன்றுக்கும் நானே ஐகான் வரைந்திருக்கிறேன். சிக்னல் வளைவுக்கு, கையைத் தூக்கி போனைப் பிடித்திருக்கிற ஒரு ஆள். அதைத்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

இப்போது பிரச்சினை. எல்லாரும் சேர்ந்து வரைகிற இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து, ஜியோஃபேப்ரிக் தளத்தில் கிடைக்கும் தென்னிந்தியப் பகுதியை இறக்கி, அதை டைல்களாக, அதாவது சதுரத் துண்டுகளாக, வெட்டும் பிளானட்டைலரில் ஓட்டி, எங்கள் பக்கத்தை மட்டும் வெட்டி எம்பிடைல்ஸ் ஆக்கினேன். அது ஒரு ஃபைல். எது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் ஜேசன் இன்னொரு ஃபைல். ஐகான் எல்லாம் சேர்ந்த ஸ்பிரைட் வேறு. ஃபான்ட் ஃபோல்டரைத் திறந்தால் ரெகுலர், போல்டு ரெண்டுக்கும் சேர்த்து ஐநூற்றுச் சொச்சம் குட்டிக் குட்டி ஃபைல். என் மச்சான் எழுதிக் கொடுத்த ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று இருக்கிறது, மேப்லிப்ரே என்ற மேப் காட்டும் நிரலை வைத்தது. அது இந்த நாலையும் ஒரு ஃபோல்டரிலிருந்து எடுத்துக் காட்டும்.

என் போனில் ஓடும். ஆனால் கடைக்கு வராதவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஃபோல்டர் போகாது, அதனால் அனுப்புகிறவர் பெரிய ஃபைலை மட்டும் அனுப்புகிறார். வாங்கினவர் போனில் ரோடு தெரிகிறது, ஒரு ஊர்ப் பெயர் கூட இல்லை. இன்னொருவருக்குப் பெயர் வருகிறது, ஐகான் இல்லை. "தம்பி, உன் மேப்பு பாதி ஊரைத் தின்னுடுச்சு" என்று ஒரு அண்ணன் வந்து நிற்கிறார்.

எனக்கு வேண்டியது ஒரே ஃபைல். அதைத் தொட்டால் திறக்க வேண்டும், அல்லது திறக்கவே கூடாது. பாதி திறந்து மானத்தை வாங்கக் கூடாது. பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். சாட்டிலைட் படமும் சேர்க்க முடிந்தால் நல்லது என்கிறார்கள்.

கம்பம்மெட்டு

எதற்கு இந்தப் பாடு? ஆர்கானிக் மேப்ஸ் இருக்கிறது, ஆஸ்மாண்ட் இருக்கிறது. ரெண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுதான், ரெண்டும் ஆஃப்லைன்தான். விட்டுப்போன ரோட்டையும் குடியையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிட்டால் அடுத்த அப்டேட்டில் எல்லாருக்கும் வந்துவிடும். உங்கள் தனி இடங்களை கேஎம்எல் (இடக்குறிப்பு) ஃபைலாக அனுப்பினால் புக்மார்க்காக ஏறும். ஃபான்ட், ஸ்பிரைட் என்று எதையும் தொட வேண்டாம். எங்கள் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன.

பாம்பாற்றங்கரை

அண்ணே, ரோடுகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் "இங்கே ரெண்டு கோடு சிக்னல் வரும்" என்பதை அங்கே ஏற்ற முடியாதே. புக்மார்க்காகப் போட்டால் நான் வரைந்த ஐகான் வராது. ஓட்டிக்கொண்டே பார்க்கிறவருக்கு ஐகான் கண்ணில் பட வேண்டும். எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க அந்த ரோட்டில் நேரம் கிடையாது.

சித்தூர்க்காரி

பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து தெலுங்கில் மெசேஜ் அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

தம்பி, கம்பம்மெட்டு அண்ணன் சொன்னது பத்தில் எட்டுப் பேருக்குச் சரி. நீ அந்த மீதி ரெண்டில் ஒருத்தன். அந்த போன் பிடித்த ஆள் ஐகானை விட்டுக்கொடுக்காதே.

முதலில் ஒன்று புரிந்துகொள். எம்பிடைல்ஸ் என்பது ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். அதில் டைல் இருக்கும், டைலைப் பற்றிய சில குறிப்புகள் இருக்கும், அவ்வளவுதான். பிஎம்டைல்ஸ் அதைவிடப் புதுசு, ஆனால் அதிலும் டைல் மட்டும்தான். வெக்டர் டைலுக்குள் இருப்பது கோடும் புள்ளியும் "பெயர் = கோவில்கடவு" என்ற விவரமும். அந்தக் கோடு என்ன நிறம், பெயர் எந்த ஃபான்ட், புள்ளிக்கு எந்தப் படம் என்பதெல்லாம் ஸ்டைல் ஃபைலில். அந்த ஸ்டைல் ஃபைலும் எதையும் தன்னிடம் வைத்திருக்காது. "ஃபான்ட் இந்த முகவரியில், ஸ்பிரைட் அந்த முகவரியில்" என்று கை காட்டும். உன் ஆளுங்க போனில் ரோடு வந்து பெயர் வராததற்குக் காரணம் அதுதான். கை காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

நீ கேட்கிற ஒற்றை ஃபைலுக்கு ஏற்கனவே ஒரு வடிவம் இருக்கிறது: ஸ்டைல்டு மேப் பேக்கேஜ். ஃபைல் பெயர் எஸ்எம்பி என்று முடியும். கோமாப்பியோ என்று ஒரு ஆப் இருக்கிறது, பழங்குடிகள் தங்கள் காட்டையும் எல்லையையும் நெட் இல்லாமல் தாங்களே வரைந்துகொள்வதற்காக அவானா டிஜிட்டல் என்ற அமைப்பு செய்தது. அதில் பின்னணி மேப் ஏற்றுவதற்கு வந்த வடிவம் இது. பெரிய மாயம் ஒன்றும் இல்லை. எஸ்எம்பி என்பது ஒரு ஸிப் ஃபைல். உள்ளே ஸ்டைல் ஜேசன், டைல்கள், ஃபான்ட் ஃபைல்கள், ஸ்பிரைட் எல்லாம் அதனதன் ஃபோல்டரில். முக்கியமான வேலை ஸ்டைலுக்குள் நடக்கிறது. வெளி முகவரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, "இந்தப் பொதிக்குள்ளேயே பார்" என்று சொல்லும் தனி முகவரியாக மாற்றி எழுதியிருக்கும். கடைசியாகத் திறக்கிற ஆப் அதைப் பார்த்து ஸிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

பாதி திறக்கக் கூடாது என்றாய் பார், அதற்கு ஸிப் ரொம்பத் தோது. ஸிப்பில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வாலில் இருக்கும். ப்ளூடூத் நடுவில் அறுந்து முக்கால் ஃபைல் வந்தால் வால் இல்லை, வால் இல்லாவிட்டால் ஆப் திறக்காது. பிஎம்டைல்ஸ் நேர்மாறு. பட்டியல் தலையில் இருக்கும், டைல்கள் ஜூம் வரிசையில் அடுக்கியிருக்கும். அதனால் அறுந்துபோன ஃபைலும் திறக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், கிட்டே ஜூம் பண்ணும்போதுதான் வெள்ளையாக நிற்கும். அதாவது குடிக்குப் போகிற முக்கில். சர்வரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க பிஎம்டைல்ஸ் மாதிரி வேறு இல்லை. கைமாற்றிக் கைமாற்றிப் போகிற ஃபைலுக்கு எனக்கு ஸிப்தான் நிம்மதி.

செய்யும் விதம்: உன் எம்பிடைல்ஸ், ஸ்டைல், ஃபான்ட், ஸ்பிரைட் நான்கையும் உன் கம்ப்யூட்டரில் டைல்சர்வர் ஜிஎல் என்ற சர்வர் நிரலை வைத்து ஓட விடு. எஸ்எம்பி கட்டுகிற கருவி என்பிஎம் என்ற நிரல் களஞ்சியத்தில் கிடைக்கும். அதற்கு உன் லோக்கல் ஸ்டைல் முகவரியையும், நாலு எல்லைகளையும், கடைசி ஜூமையும் கொடுத்தால் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்த டைல் சர்வரிடம் இதைக் காட்டாதே. மொத்தமாக இறக்குவதற்கு அங்கே அனுமதி இல்லை, தடுத்துவிடுவார்கள். நீ தரவை எடுத்து நீயே டைல் வெட்டியது சரியான வழி.

அளவு பற்றிக் கவலைப்படாதே. கிழக்குத் தீர்க்கரேகை 77.05லிருந்து 77.30, வடக்கு அட்சரேகை 10.15லிருந்து 10.40 என்று வைத்தால் உன் பிரதேசம் அடங்கும் என்று நினைக்கிறேன். 14ஆம் ஜூமில் ஒரு டைல் 0.022 டிகிரி அகலம். பக்கத்துக்குப் பன்னிரண்டு டைல், மொத்தம் நூற்றைம்பது அளவில். வெக்டர் டைலுக்கு 14 போதும், அதற்கு மேல் ஜூம் பண்ணினால் அதையே பெரிதாக்கிக் காட்டும். இதே பரப்புக்கு சாட்டிலைட் படம் 17 வரை வேண்டும் என்றால் எட்டாயிரத்துக்கு மேல் டைல், 18 என்றால் அதற்கு நாலு மடங்கு. ஒவ்வொன்றும் ஒரு போட்டோ. கூகுளின் படத்தை இப்படிப் பொதியில் போட்டுப் பரப்பவும் முடியாது. சாட்டிலைட்டை விட்டுவிடு.

ஃபான்ட்தான் ஆளைக் கவிழ்க்கும் இடம். அந்த ஐநூற்றுச் சொச்சம் ஃபைல் ஏன் என்றால், யூனிகோடை 256 எழுத்து எழுத்தாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஒரு ஃபைலாக வைத்திருக்கிறார்கள். 0 முதல் 255 இங்கிலீஷ். 2816 முதல் 3071 வரையிலான ஃபைலில் முதல் பாதி ஒடியா, பின்பாதி நம்ம தமிழ். மலையாளம் 3328 முதல் 3583, சிங்களத்தோடு ஒரே ஃபைலில். "எனக்கு மூணு ஃபைல் போதுமே, மற்றதை அழித்துவிடலாம்" என்று தோன்றும். அழிக்காதே. உன் தரவில் யாரோ ஒருவர் மலையாளச் சில்லெழுத்தை (உயிர் சேராத மெய்யை)ப் பழைய முறையில், கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் போட்டு அடித்திருப்பார். அந்த இணைப்பானின் எண் 8205. அதற்கு 8192 முதல் 8447 வரையிலான ஃபைல் வேண்டும். அது இல்லை என்றால் அந்த ஒரு பெயர் மட்டும் போகாது. பல பதிப்புகளில் அந்த டைல் மொத்தமும் வராமல் போகும். எழுத்தே இல்லாத துண்டு ஃபைல் ஒவ்வொன்றும் சில பத்து பைட்டுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்பிரைட்டில் சாதா அளவு, இரட்டை அளவு ரெண்டையும் வை. இப்போதைய போன்கள் எல்லாம் இரட்டை அளவைத்தான் கேட்கும். கம்ப்யூட்டரில் ஐகான் தெரிந்து போனில் தெரியவில்லை என்றால் முதலில் அங்கே பார்.

மச்சான் ஆப்பில் ஒரு வேலை இருக்கிறது. மேப்லிப்ரேவுக்கு எஸ்எம்பி முகவரி நேரடியாகப் புரியாது. ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் வைத்து, அது ஸிப்பிலிருந்து எடுத்து 127.0.0.1 என்ற, அதே போனைக் குறிக்கும் முகவரியில் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9லிருந்து பூட்டில்லாத எச்டிடிபி இயல்பாகவே தடை, அதனால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு எழுதச் சொல். இதெல்லாம் வேண்டாம் என்றால் கோமாப்பியோவிலேயே ஏற்றிப் பார்.

அப்புறம் சொல்ல மறந்தால் தூக்கம் வராது. நீ இருப்பது மறையூர். சந்தனக்காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதைகள் உன் தரவில் இருந்தால் எடுத்துவிட்டுக் கட்டு. ஒரே ஃபைலாக, சுலபமாகக் கைமாறும்படி செய்கிறாய். அது எந்தக் கைக்கெல்லாம் போகும் என்று உனக்குத் தெரியாது. ஜீப் போகிற பாதை போதும்.

பாம்பாற்றங்கரை

அக்கா, கட்டியாகிவிட்டது. பத்து எம்பிக்குள் அடங்கிவிட்டது, அதில் பெரும்பங்கு ஃபான்ட்தான் என்பதைப் பார்த்து மச்சானே சிரித்துவிட்டான். லோக்கல் சர்வர் விலக்கு எழுதினதும் திறந்துவிட்டது. ஒரு அண்ணனுக்கு அனுப்பி, அவரை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லி, அங்கே திறந்து பார்த்தோம். ஐகான், பெயர், ரோடு எல்லாம் வந்தன. சந்தனக்காட்டுப் பாதைகளை எடுத்தாயிற்று. நல்லவேளை சொன்னீர்கள்.

ஆனால் பெயர் வந்தது என்று சொன்னேனே, அது எப்படி வந்திருக்கிறது பாருங்கள். "மறையூர்" என்பதில் ஐகாரக் கொம்பு "ற"வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய், "யூ"வுக்கு முன்னால் நிற்கிறது. அந்த "யூ"விலும் ஊகாரம் சேராமல் தனியாகத் தொங்குகிறது. "கோவில்கடவு" இன்னும் மோசம். முதலில் வெறும் "க", அப்புறம் இரட்டைக் கொம்பு, அப்புறம் கால். புள்ளி எழுத்துகளில் புள்ளி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பு ஃபோல்டரிலிருந்து ஓடும்போதும் இப்படித்தான் இருந்தது. நோட்டோ ஃபான்ட்டை மாற்றி வேறு ரெண்டு ஃபான்ட் போட்டுப் பார்த்தேன், அதே கதை. மலையாளத்தில் கூட்டெழுத்து எல்லாம் சந்திரக்கலையோடு (நம்ம புள்ளி மாதிரி குறி) பிரிந்து கிடக்கிறது. டிரைவர்கள் குத்துமதிப்பாகப் படித்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

நகரிக்காரன்

இதற்குத்தான் நான் உள்ளே வருகிறேன். ஆந்திரப் பக்கம், நகரி. எங்களுக்குத் தமிழும் தெலுங்கும் ரெண்டும் வேண்டும், தெலுங்கில் ஒத்துகள் (கூட்டெழுத்தின் இரண்டாம் மெய்கள்) கீழே தொங்குவதால் உங்கள் கஷ்டத்தைப்போல ரெண்டு மடங்கு.

ஃபான்ட் மேல் தப்பு இல்லை. சாதாரண ஆப் ஒன்றில் தமிழ் எழுதினால், எழுத்து வரிசையை மாற்றிக் கோக்கிற ஒரு இயந்திரம் நடுவில் வேலை செய்யும். கொம்பை முன்னால் தள்ளுவதும், "யூ"வை ஒரே வடிவமாக்குவதும் அதன் வேலை. சித்தூர் அக்கா சொன்ன அந்த 256 துண்டு ஃபைலில் ஒவ்வொரு யூனிகோடு எண்ணுக்கும் ஒரு படம் மட்டும் இருக்கிறது. சேர்க்கும் விதிகள் ஃபான்ட்டை வெட்டும்போதே போய்விட்டன. மேப்லிப்ரே எண் எண்ணாக எடுத்து வரிசையாக ஒட்டுகிறது. யூனிகோடில் ஐகாரக் கொம்பு "ற"வுக்குப் பின்னால்தானே அடிக்கப்படுகிறது? அதனால் பின்னாலேயே ஒட்டுகிறது. இந்தத் துண்டு ஃபைல் முறையில் எந்த ஃபான்ட் போட்டாலும் அப்படித்தான்.

தமிழுக்கு ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. டேஸ்16 நினைவிருக்கிறதா? 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த 16 பிட் குறியேற்றம். அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். "றை" ஒரு எண், "யூ" ஒரு எண், "கோ" ஒரு எண். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது யாரும் தம் விருப்பப்படி எழுத்து வைத்துக்கொள்ள விட்டிருக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கிறது. பதிப்பகத்தார் தவிர யாரும் தொடாமல் கிடந்தது, மேப்பில் உயிர் வருகிறது. மேப்லிப்ரே எண் எண்ணாக ஒட்டினால் நமக்கு அதுதானே வேண்டும்?

செய்ய வேண்டியது: டைல் வெட்டுவதற்கு முன்பே தரவில் உள்ள தமிழ்ப் பெயர்களை டேஸ்16க்கு மாற்றி இன்னொரு புலத்தில் (ஃபீல்டில்) வை. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட டேஸ்16 எழுத்துருக்களில் ஒன்றை எடுத்து, உரிமம் பார்த்துக்கொண்டு, அதே 256 துண்டுகளாக வெட்டு. தமிழ் முழுக்க 57600 முதல் 58367 வரைக்குள் வரும், அதாவது சரியாக மூன்றே ஃபைல். ஸ்டைலில் பெயர் லேயரை அந்தப் புலத்துக்கும் அந்த ஃபான்ட்டுக்கும் திருப்பிவிடு. ஒன்று மறக்காதே, அசல் யூனிகோடு பெயரை அழிக்காதே. ஆப்பில் தேடுகிறவர் யூனிகோடில்தான் அடிப்பார், டேஸ்16 புலத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

தெலுங்குக்கு இந்தச் சௌகரியம் இல்லை. எங்கள் ஊர்ப் பெயர்களில் வருகிற கூட்டுகளை எல்லாம் பட்டியல் எடுத்து, தனிப்பயன் பகுதியில் நாங்களே எண் கொடுத்து ஃபான்ட் செய்தோம். புரோட்டோமேப்ஸ் என்ற திறந்த மேப் திட்டத்தில் தேவநாகரிக்குச் செய்திருப்பதும் இதே யோசனையின் பெரிய அண்ணன்தான். மலையாளத்துக்கு நீங்களும் அப்படிச் செய்யலாம்.

சித்தூர்க்காரி

டேஸ்16 எனக்குத் தோன்றவே இல்லை, அருமை. தமிழுக்கு அதையே பிடித்துக்கொள் தம்பி.

மலையாளத்துக்கு மட்டும் நகரிக்காரர் சொன்ன வழியில் போகாதே. அவர் ஒரு வட்டாரம் முழுக்கச் செய்கிறார், உனக்கு எத்தனை பெயர்? மறையூர், காந்தல்லூர் வட்டாரமான அஞ்சுநாட்டு ஊர்கள், சில குடிகள், செக்போஸ்ட். எல்லாம் சேர்த்தாலும் கை விரலைப் பலமுறை மடக்கினால் முடிந்துவிடும். ஒவ்வொரு மலையாளப் பெயரையும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி, ஐகானாகவே ஸ்பிரைட்டில் சேர்த்துவிடு. இங்க்ஸ்கேப் கூட்டெழுத்தைச் சரியாகக் கோக்கும். மேப்லிப்ரேவுக்கு அது எழுத்தே இல்லை, படம். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விலக்குவதும் ஐகானுக்கும் நடக்கும். ஜூமுக்குத் தகுந்தபடி எழுத்து அளவு மாறுவது கொஞ்சம் மங்கும், அதனால் இரட்டை அளவுப் படத்தைத் தாராளமாகச் செய். வளைந்து போகிற ரோட்டின் மேல் பெயர் எழுத இது ஆகாது. உன் ரோடுகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்பதால் தப்பித்தாய்.

பொதி ஒன்றாக இருப்பதன் லாபம் இங்கேதான். டேஸ்16 ஃபான்ட் எந்தப் போனிலும் நிறுவத் தேவையில்லை. இதே பெயர்களைச் சாதாரணமாக அனுப்பினால் வாங்குகிறவர் போனில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். இங்கே ஃபான்ட்டும் தரவும் ஒரே ஃபைலில் கூடவே போகின்றன, ஒன்றுக்கு ஒன்று ஜாமீன்.

பாம்பாற்றங்கரை

நகரி அண்ணே, டேஸ்16 போட்டாயிற்று. "மறையூர்" மறையூராகவே வருகிறது. "ந்தூ" வருகிற கீழாந்தூர்தான் எனக்குப் பயம், அதுவும் சுத்தமாக வந்துவிட்டது. "காந்தல்லூர்" என்பதில் ரெண்டு "ல"வுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி கூடுதலாகத் தெரிகிறது, அது ஃபான்ட்டின் குணம் போலிருக்கிறது, விட்டுவிட்டேன். தேடலுக்குப் பழைய பெயரையும் வைத்திருக்கிறேன். மலையாளப் பெயர்களைப் படமாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். அடிக்கிற வேலையை நம்ம ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் எடுத்துக்கொண்டாள், அவளுக்குத்தான் மலையாளம் எழுத்துப்பிழை இல்லாமல் வரும்.

கடைசியாக ஒன்று. மழைக்குப் பிறகு ஒரு ஓடைப் பாலம் போய்விட்டால் அந்த ஒரு டைலை மட்டும் மாற்றி அனுப்ப முடியுமா, முழு ஃபைலும் அனுப்ப வேண்டுமா?

சித்தூர்க்காரி

முழு ஃபைல்தான். பத்து எம்பிக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. ஒட்டுப்போடும் வேலை ஆரம்பித்தால் பழையபடி நாலு விதமான மேப் நாலு போனில் இருக்கும். ஃபைல் பெயரிலேயே தேதி போடு, மேப்பின் மூலையிலும் அதே தேதி தெரியும்படி ஸ்டைலில் எழுது. பாதை விசாரிக்கிறவரிடம் "உங்கள் மேப்பில் என்ன தேதி இருக்கிறது" என்று முதலில் கேட்கலாம். ஆப் புதுசைத் திறந்ததும் பழையதை அழிக்கச் சொல்லி மச்சானிடம் சொல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற வரியும் அந்த மூலையில்தான் இருக்க வேண்டும், அது உரிமத்தின் நிபந்தனை, இடம் இல்லை என்று எடுத்துவிடாதே.

கம்பம்மெட்டு

தம்பி, ஆரம்பத்தில் வேண்டாம் என்று சொன்னவன்தான் கேட்கிறேன். உங்கள் ஸ்டைலும் ஸ்பிரைட்டும் மட்டும் கிடைக்குமா? டைல் நாங்கள் எங்கள் பக்கம் வெட்டிக்கொள்கிறோம். அந்த சிக்னல் வளைவு ஐகான் எங்கள் மேட்டிலும் ரொம்பத் தேவைப்படும்.

பாம்பாற்றங்கரை

தாராளமாக அண்ணே. எஸ்எம்பியையே அனுப்புகிறேன், பெயர்க் கடைசியை ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயர்களை டேஸ்16க்கு மாற்றாமல் அப்படியே ஓட்டினால் பெயரே வராது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.